எம்1, டிபிடிஇ அசைன்மென்ட்டில் சிக்கினால் யாரிடம், எப்போது, எப்படி உதவி கேட்பது

பொறியியல் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளில் நுண்கணிதமும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் பலரைப் படுத்தி எடுக்கின்றன. முதல் செமஸ்டர் கணக்குத் தாளைத்தான் எம்1 என்கிறோம், டிபிடிஇ மூன்றாவது செமஸ்டர் கணக்குத் தாள். தமிழ் வழியில் பள்ளி முடித்துவிட்டு அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தவர்களில் நானும் ஒருவர். அசைன்மென்ட் தாளைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் போவது, போய் என்ன கேட்பது என்று தெரியாமல் திண்டாடியிருக்கிறேன். கேட்கும் முறை பிடிபட்ட பிறகு அதே கணக்குகள் வசப்பட்டன. உங்களுக்கு அந்தத் திண்டாட்டம் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

உதவி கிடைக்காமல் யாரும் தவிப்பதில்லை. யூடியூபைத் திறந்தால் கொட்டிக் கிடக்கிறது. நாம் எந்த வரியில் நிற்கிறோம் என்று சொல்லத் தெரிந்தவருக்கு அதில் பாதி போதும். சொல்லத் தெரியாவிட்டால் எல்லாம் இருந்தும் பயன் இல்லை.

1. முதலில் ரெகுலேஷனையும் பாடக் குறியீட்டையும் பாருங்கள்

இதைச் சின்ன விஷயம் என்று தாண்டிப் போகாதீர்கள். ரெகுலேஷன் என்பது நீங்கள் சேர்ந்த ஆண்டுக்குப் பொருந்தும் பல்கலைக்கழகப் பாடத்திட்ட விதிகள். அது மாறினால் பாடமே மாறிவிடும். 2017 ரெகுலேஷனில் முதல் செமஸ்டர் கணக்கின் குறியீடு எம்ஏ8151. அதில் ஐந்தாவது யூனிட் முழுக்க வகைக்கெழுச் சமன்பாடுகள். 2021 ரெகுலேஷனில் முதல் செமஸ்டர் தாள் எம்ஏ3151, மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ். அதில் அந்த யூனிட் கிடையாது. அணிகள், வகையிடல், பல மாறிச் சார்புகள், தொகையிடல், இரட்டை மற்றும் மும்மைத் தொகைகள், அவ்வளவுதான். அப்புறம் வந்தவர்களுக்குத் திரும்பவும் மாறியிருக்கிறது. சீனியர் அன்போடு தரும் நோட்ஸ் வேறு ரெகுலேஷனாக இருந்தால், உங்கள் தாளில் வராத யூனிட்டை விடிய விடியப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

பல்கலைக்கழகத்தின் அகாடமிக் கோர்சஸ் தளத்தில் உங்கள் ரெகுலேஷனின் சிலபஸ் பிடிஎஃப் இலவசமாகக் கிடைக்கும். உங்கள் தாளுக்கான இரண்டு பக்கங்களை மட்டும் பிரின்ட் எடுத்து நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். வீடியோ தேடும்போதும், டியூஷன் சாரிடம் பேசும்போதும், சீனியரிடம் நோட்ஸ் வாங்கும்போதும் அந்தத் தாள்தான் உங்கள் அளவுகோல்.

2021 ரெகுலேஷன்காரர்களுக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மூன்றாவது செமஸ்டரில் மெக்கானிக்கல், சிவில் போன்ற கிளைகளுக்கு எம்ஏ3351, டிரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்ட் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன்ஸ், வரும். டிபிடிஇ என்று கூப்பிடுவார்கள். முதல் யூனிட்டிலேயே மாறிலிக் கெழுக்கள் கொண்ட இரண்டாம் வரிசைப் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள் இருக்கின்றன. துணைச் சமன்பாடு எழுதி, மூலங்களைக் கண்டுபிடித்து, சிஎஃப் (காம்ப்ளிமென்டரி ஃபங்ஷன்), பிஐ (பர்டிகுலர் இன்டக்ரல்) என்று தீர்வின் இரண்டு பகுதிகளையும் காண வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் நாம் படித்ததோ முதல் வரிசைச் சமன்பாடுகளோடு நின்றுவிட்டது. முதல் செமஸ்டரிலும் இரண்டாம் வரிசை இல்லை. இரண்டாவது செமஸ்டரில் எம்ஏ3251 தாளில் ஆய்லர், ரங்கே-குட்டா என்று எண்முறைத் தீர்வுதான் வருகிறது. ஆகவே சாதாரண இரண்டாம் வரிசைச் சமன்பாட்டைத் தொடாமலே பகுதி வகைக்கெழுவுக்குள் தள்ளிவிடப்படுகிறோம். வகுப்பில் சார் "இது உங்களுக்குத் தெரிந்ததுதானே" என்று சொல்லும்போது நமக்கு மட்டும்தான் தெரியவில்லை என்று பயந்து போகாதீர்கள். இரண்டாவது செமஸ்டர் விடுமுறையில் ஒரு வாரம் ஒதுக்கி, சாதாரண இரண்டாம் வரிசைச் சமன்பாட்டில் சிஎஃப், பிஐ கண்டுபிடிக்கப் பழகிவிட்டால் இந்தப் பள்ளம் மூடிவிடும்.

2. சிக்கல் பழைய பாடத்திலா, புதிய பாடத்திலா?

அசைன்மென்ட்டில் ஒரு கணக்கு நின்றுபோனால், இதைத்தான் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். இரட்டைத் தொகை புரியவில்லை என்று நினைப்போம். உள்ளே போய்ப் பார்த்தால் பகுதித் தொகையிடல் கைக்கு வராமல் இருக்கும். அது பதினோராம் வகுப்புப் பாடம். அதற்கு எம்1 வீடியோ எத்தனை பார்த்தாலும் தீராது.

தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்கள் இலவச பிடிஎஃப்பாகக் கிடைக்கின்றன. தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தமிழ்ப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் இரண்டையுமே இறக்கிக்கொள்ளுங்கள். அத்தியாய எண்கள் இரண்டிலும் ஒன்றுதான். பன்னிரண்டாம் வகுப்பில் 8ஆம் அத்தியாயம் வகையீடுகள், பகுதி வகைக்கெழுக்கள். 9 தொகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள். 10 சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகள். ஒரே எடுத்துக்காட்டை இரண்டு மொழியிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், "தொகையீட்டுக் காரணி"க்குக் கல்லூரியில் இன்டக்ரேட்டிங் ஃபேக்டர் என்கிறார்கள், "பிரிக்கக்கூடிய மாறிகள்" என்றால் வேரியபிள் செபரபிள் என்று தானாகப் பிடிபடும். ஒரு ஐம்பது அறுபது சொல்லுக்கு இப்படி ஒரு பட்டியல் எழுதி வைத்தால் போதும், முதல் செமஸ்டரில் வகுப்பில் பாதி பயம் போய்விடும். அகராதியில் தேடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

3. கேட்கப் போகுமுன் கையில் இருக்க வேண்டியவை

இங்கேதான் பலருக்கு உதவி கைநழுவுகிறது. "சார், இந்தக் கணக்கு வரலை" என்று போய் நின்றால், நல்ல ஆசிரியரும் முழுக் கணக்கையும் வேகமாகப் போட்டுக் காட்டிவிட்டு அனுப்பிவிடுவார். பார்க்கும்போது புரிந்த மாதிரி இருக்கும். அறைக்கு வந்து உட்கார்ந்தால் மறுபடி அதே இடத்தில் நிற்கும்.

கையில் கொண்டு போக வேண்டியவை: கேள்வி, எழுத்துப் பிசகாமல், முழுதாக. அது எந்த யூனிட், எந்தப் புத்தகம், எந்தப் பக்கம். புத்தகத்தில் விடை இருந்தால் அந்த விடை. நீங்கள் போட்டுப் பார்த்தது, அடித்ததையும் சேர்த்து. கடைசியாக, எந்த வரி வரை உங்களுக்குச் சந்தேகமே இல்லை, எந்த வரியில் நின்றீர்கள் என்று ஒரு சிவப்புக் கோடு. இந்தக் கோடுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். கேள்வி: டிஒய்/டிஎக்ஸ் + 2ஒய் = 6; எக்ஸ் 0 ஆகும்போது ஒய் 5. தீர்வு காண்க.

தொகையீட்டுக் காரணி இ அடுக்கு 2எக்ஸ். இரண்டு பக்கமும் அதால் பெருக்கித் தொகையிட்டால், ஒய் பெருக்கல் இ அடுக்கு 2எக்ஸ் சமம் 3 பெருக்கல் இ அடுக்கு 2எக்ஸ், கூட்டல் சி. இதுவரை பெரும்பாலானோர் சரியாக வந்துவிடுவார்கள். அடுத்து இ அடுக்கு 2எக்ஸால் வகுக்க வேண்டும். அங்கேதான் பலர் "ஒய் = 3 + சி" என்று எழுதிவிடுவார்கள். சி-யையும் வகுக்க வேண்டும் என்பது மறந்துபோகும். பிறகு 5 என்ற மதிப்பைப் போட்டால் சி = 2, ஆக ஒய் = 5 என்று மாறிலியாக வரும். புத்தகத்திலோ விடை ஒய் = 3 + 2 இ அடுக்கு −2எக்ஸ் என்று இருக்கும்.

இப்போது ஆசிரியரிடம் போய் என்ன கேட்க வேண்டும்? "சார், தொகையிட்ட வரி வரைக்கும் சரி என்று நினைக்கிறேன். வகுத்த பிறகு எனக்கு ஒய் = 5 வருகிறது. ஆனால் அதைச் சமன்பாட்டில் போட்டால் இடது பக்கம் 10 வருகிறது, 6 வரவில்லை. எந்த வரியில் போச்சு?" இப்படிக் கேட்டால் அவர் பென்சிலை எடுத்து அந்த ஒரு வரியைத் தொட்டுக் காட்டுவார். அரை நிமிட வேலை. உங்களுக்கும் ஜென்மத்துக்கும் மறக்காது. பல நேரம் கேள்வியை இந்த அளவுக்குத் தெளிவாக எழுதும்போதே விடை உங்களுக்கே தெரிந்துவிடும்.

4. கல்லூரிக்குள்ளேயே இருக்கும் உதவி

சிலபஸ் தாளில் பாடத்தின் பெயருக்குப் பக்கத்தில் 3 1 0 4 என்று இருக்கும். மூன்று மணி நேரம் பாடம், ஒரு மணி நேரம் டுடோரியல், நான்கு கிரெடிட். அந்த "1" உங்களுக்காகவே ஒதுக்கப்பட்டது. வாரம் ஒரு மணி நேரம் நீங்கள் கணக்குப் போட வேண்டும், ஆசிரியர் சுற்றி வந்து பார்க்க வேண்டும். நடைமுறையில் போர்ஷன் முடிக்கும் அவசரத்தில் அந்த மணி நேரமும் பாடமாகவே போய்விடும். வகுப்புப் பிரதிநிதி மூலமாக மரியாதையாகக் கேளுங்கள்: "சார், டுடோரியலில் அசைன்மென்ட் கணக்கு போட்டுப் பார்க்கலாமா?" பெரும்பாலும் சரி என்பார்கள். அப்படியும் நடக்காவிட்டால் கிளாஸ் கமிட்டி கூட்டம் என்று ஒன்று செமஸ்டரில் சில முறை நடக்கும், மாணவப் பிரதிநிதிகளும் அதில் உட்காருவார்கள். இதைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். யார் மேலும் குறை சொல்லாமல், டுடோரியல் வேண்டும் என்று மட்டும் கேட்டால் வேலை நடக்கும்.

ஸ்டாஃப் ரூமுக்குப் போகத் தயங்காதீர்கள். போகும் நேரம் முக்கியம். இன்டர்னல் தேர்வுக்கு முந்தைய இரண்டு நாட்களில் அங்கே கூட்டம் மொய்க்கும், அவர்களும் கேள்வித்தாள் வேலையில் இருப்பார்கள். அசைன்மென்ட் கொடுத்த மூன்றாம் நாள், நான்காம் நாள் போனால் தனியாக உட்கார்ந்து சொல்லித்தர நேரம் இருக்கும். ஒரு தடவைக்கு இரண்டு கணக்குக்கு மேல் கொண்டு போக வேண்டாம். உங்கள் வகுப்பு ஆசிரியரே இல்லையென்றாலும் பரவாயில்லை, கணிதத் துறையில் வேறு யாராவது பொறுமையாகச் சொல்லித்தருபவர் இருப்பார். சீனியர்களைக் கேட்டால் பெயரைச் சொல்வார்கள். "மேடம், நான் முதல் வருஷம் ஈஈஈ, இந்த ஒரு வரி மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா?" என்று கேட்டால் மறுப்பவர்கள் குறைவு.

விடுதியில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி. நாலு பேர் சேர்ந்து அசைன்மென்ட்டைப் பிரித்துக்கொண்டு, ஆளுக்கு இரண்டு கணக்கைப் போட்டு மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். காப்பி அடிக்கக் கொடுப்பது வேறு, சொல்லித்தருவது வேறு. சொல்லித்தருபவர் எழுதி முடித்ததும் நோட்டை மூடிவிட வேண்டும், மற்றவர்கள் பார்க்காமல் போட வேண்டும் என்று ஒரு ஒப்பந்தம் வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தகத்துக்குக் காசு செலவழிக்கும் முன் நூலகத்தைப் பாருங்கள். எம்ஏ3151 சிலபஸில் க்ரைசிக், கிரேவால், ஸ்டூவர்ட் மூன்று பேரின் புத்தகங்களும் இருக்கின்றன. தேர்வுக்கு ஏற்ற மாதிரி கணக்குகள் கிரேவாலில் அதிகம். விளக்கம் ஸ்டூவர்ட்டில் நன்றாக இருக்கும், ஒற்றைப்படை எண் கணக்குகளுக்குப் பின்னால் விடையும் உண்டு. மூன்றையும் வாங்கத் தேவையே இல்லை. சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் உட்கார்ந்து படிக்கக் கட்டணம் இல்லை. அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தோடு போய்ப் படிக்கத் தனிப் பகுதியும் இருக்கிறது.

5. இணையத்தில் இலவசமாக, தரமாக

நிறைய இருக்கிறது என்பதே தொல்லை. நான் மூன்று இடங்களோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன்.

முதலாவது, அமெரிக்காவின் லமார் பல்கலைக்கழகப் பேராசிரியர் பால் டாக்கின்ஸின் ஆன்லைன் நோட்ஸ். கால்குலஸ் மூன்று பகுதிகளும் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன்ஸும் முழுதாக இருக்கின்றன. எளிய ஆங்கிலம். பதிவு செய்ய வேண்டாம், காசு வேண்டாம், பிடிஎஃப்பும் எடுத்துக்கொள்ளலாம். அங்கே "பிராக்டிஸ் ப்ராப்ளம்ஸ்" என்ற பகுதியில் ஒவ்வொரு கணக்குக்கும் படிப்படியாகத் தீர்வு உண்டு. "அசைன்மென்ட் ப்ராப்ளம்ஸ்" என்ற பகுதிக்குத் தீர்வு இருக்காது. ஆசிரியர்கள் வீட்டுப்பாடமாகக் கொடுக்க வசதியாக வேண்டுமென்றே தீர்வு இல்லாமல் வைத்திருக்கிறார்கள். அதற்கு விடை தேடி இரவைக் கழிக்காதீர்கள்.

இரண்டாவது, அமெரிக்காவின் எம்ஐடி தன் வகுப்புகளை இலவசமாகப் போட்டிருக்கும் ஓப்பன்கோர்ஸ்வேர் தளம். பல மாறி நுண்கணிதத்துக்கு 18.02 என்ற எண்ணுள்ள பாடம், டெனிஸ் ஆரூ 2007இல் எடுத்த வகுப்புகள். வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கு 18.03, ஆர்தர் மட்டக் 2003இல் எடுத்த வகுப்புகள். பழைய வீடியோ என்று தள்ளிவிடாதீர்கள். ஒரு சமன்பாடு ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று அவர் விளக்குவதைக் கேட்டால் மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே குறைந்துவிடும்.

மூன்றாவது, நம் ஐஐடிகளின் இணையவழிப் பாடங்கள் உள்ள என்பிடெல். படிப்பது இலவசம். பல பாடங்களுக்குத் தமிழில் எழுத்து வடிவமும் கிடைக்கிறது. பாடம் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். நடந்துகொண்டிருக்கும் பாடத்தில் சேர்ந்தால் வாரா வாரம் அசைன்மென்ட் வரும், சந்தேகம் கேட்கவும் இடம் உண்டு. சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் தேர்வுக்குக் கட்டணம். நான் கட்டியபோது பாடத்துக்கு 1000 ரூபாய். எம்1 அசைன்மென்ட்டுக்கு உதவி தேடுபவருக்குச் சான்றிதழ் தேவையில்லை, அந்தக் காசை மிச்சப்படுத்துங்கள்.

வெளிநாட்டு வீடியோ பார்க்கும்போது ஒரு பொறி இருக்கிறது. நம் ஊரில் பிஐ கண்டுபிடிக்க "டி" என்ற ஆபரேட்டரை வைத்து, ஒன்றின் கீழ் எஃப் ஆஃப் டி என்று எழுதிப் போடுவோம். கிரேவாலும் அந்த வழிதான். அமெரிக்கப் பாடங்களில் பெரும்பாலும் தெரியாத கெழுக்களை வைத்து ஊகித்துப் போடும் முறை. இரண்டிலும் விடை ஒன்றுதான் வரும். ஆனால் அசைன்மென்ட்டில் நம் முறையை எதிர்பார்த்திருக்கும் ஆசிரியர், வேறு முறையைப் பார்த்ததும் எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்பார். கருத்தை அங்கே புரிந்துகொள்ளுங்கள், எழுதுவதை வகுப்பு நோட்டில் உள்ள முறையில் எழுதுங்கள்.

6. முன்பின் தெரியாதவர்களிடம் கேட்பது

மேத் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் என்ற தளத்தில் உலகம் முழுக்க உள்ள கணக்குக்காரர்கள் இலவசமாகப் பதில் சொல்கிறார்கள். அங்கே சில கட்டுப்பாடுகள் கறாராக இருக்கும். கேள்வியைப் போட்டோ எடுத்துப் போட்டுவிட்டு "ப்ளீஸ் சால்வ்" என்று எழுதினால், போதிய விவரம் இல்லை என்று கேள்வியை மூடிவிடுவார்கள். மனம் உடைய வேண்டாம், திருத்தி எழுதினால் மறுபடி திறப்பார்கள். கணக்கைத் தட்டச்சு செய்ய, சூத்திரங்களை எழுத உதவும் லாடெக் பாணிக் குறியீடுகள் தேவை. ஒரு சாயங்காலத்தில் அடிப்படை வந்துவிடும், பின்னால் புராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கும் கைகொடுக்கும். தலைப்பில் "உதவி வேண்டும்" என்று எழுதாமல் கணக்கின் சாரத்தை எழுதுங்கள். மூன்றாம் தலைப்பில் சொன்ன அதே பொருட்கள்தான் இங்கேயும் வேண்டும்: கேள்வி, உங்கள் முயற்சி, நின்ற வரி.

கேட்பதற்கு முன் தேடிப் பாருங்கள். எம்1 அளவிலான கணக்குகளில் பெரும்பாலானவற்றை ஏற்கெனவே யாரோ கேட்டிருப்பார்கள். பதிலில் முழுத் தீர்வு தராமல் ஒரு குறிப்பு மட்டும் கொடுத்தால் அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதுதான் அங்கே நல்ல உதவி. நடந்துகொண்டிருக்கும் தேர்வுக் கேள்வியை எங்கேயும் போடாதீர்கள்.

7. கணக்குப் போடும் கருவிகளும் ஏஐயும்

விடையைச் சரிபார்க்க வோல்ஃப்ராம் ஆல்ஃபா என்ற தளம் நல்லது. விடை இலவசம், படிப்படியான விளக்கத்துக்குத்தான் காசு. விளக்கத்துக்காகப் பணம் கட்டத் தேவையில்லை. விடை தெரிந்தால் நம் பிழையை நாமே தேடலாம். கொஞ்சம் பைத்தான் தெரிந்தவர்கள் சிம்பை என்ற இலவச நூலகத்தைக் கூகுள் கோலாப்பில் ஓட்டிப் பார்க்கலாம். தொகையிடல், வகைக்கெழுச் சமன்பாடு இரண்டுக்கும் அதில் நேரடிக் கட்டளை உண்டு.

இரட்டைத் தொகையில் வரிசையை மாற்றும் கணக்குக்கு டெஸ்மாஸ் அல்லது ஜியோஜீப்ராவில் எல்லைக் கோடுகளை வரைந்து பாருங்கள். அந்தக் கணக்கில் பிழை வருவது பெரும்பாலும் தொகையிடலில் அல்ல, படம் போடாமல் எல்லையை மாற்றுவதில்தான்.

கால்குலேட்டரையும் மறக்காதீர்கள். கேசியோ எஃப்எக்ஸ்-991எம்எஸ் போன்றவற்றில் வரையறுத்த தொகையை நேரடியாகப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் ரேடியன் மோடில் இருக்க வேண்டும். 0 முதல் பை வரை சைன் எக்ஸின் தொகை 2. டிகிரி மோடில் வைத்துப் போட்டால் சுமார் 0.086 காட்டும். சரியாகப் போட்ட கணக்கை அடித்துவிட்டு மறுபடி போடுபவர்களை ஒவ்வொரு செமஸ்டரிலும் பார்க்கலாம்.

ஏஐயிடம் கேட்பதில் தப்பில்லை. சாட்ஜிபிடி போன்றவை தமிழில் கேட்டாலே தமிழில் விளக்கும், தமிழ் வழியில் வந்தவர்களுக்கு அது பெரிய வசதி. ஆனால் அது தவறையும் அதே தைரியத்தோடு சொல்லும். குறி மாறும், சி எங்கேயோ காணாமல் போகும், கேள்வியில் உள்ள 2 விடையில் 3 ஆகும். ஆகவே முழுத் தீர்வைக் கேட்காமல், "இது என் தீர்வு, எந்த வரியில் முதல் பிழை? அதை மட்டும் சொல், மீதியை நான் போடுகிறேன்" என்று கேளுங்கள். எது விடை தந்தாலும் அதைத் திரும்பச் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். மேலே உள்ள எடுத்துக்காட்டில் ஒய் = 3 + 2 இ அடுக்கு −2எக்ஸ். வகையிட்டால் −4 இ அடுக்கு −2எக்ஸ். 2ஒய் என்பது 6 + 4 இ அடுக்கு −2எக்ஸ். கூட்டினால் 6. எக்ஸ் 0 என்றால் ஒய் 5. முடிந்தது. வகைக்கெழுச் சமன்பாட்டில் விடையைச் சரிபார்க்க யாருடைய தயவும் வேண்டியதில்லை, அந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

8. காசு கொடுப்பதாக இருந்தால்

டியூஷன் தேவைப்படலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சேரும் முன் மூன்றைக் கேளுங்கள். எந்த ரெகுலேஷனுக்கு எடுக்கிறீர்கள்? என் அசைன்மென்ட் சந்தேகங்களைக் கொண்டு வரலாமா, இல்லை உங்கள் நோட்ஸ் மட்டும்தானா? யூனிட் கணக்கில் கட்டணம் வாங்குவீர்களா? ஐந்து யூனிட்டில் உங்களுக்கு வராதது ஒன்றிரண்டாகத்தான் இருக்கும். செமஸ்டர் முழுவதுக்கும் மொத்தமாகக் கட்டச் சொன்னால் ஒரு வகுப்பு உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கட்டினால் ரசீது வாங்குங்கள்.

அசைன்மென்ட்டை எழுதியே தருகிறோம் என்று வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் வருவார்கள். வேண்டாம். முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போவது சகஜம். வாங்கி எழுதினாலும், கணக்குத் தாளில் ஒரு யூனிட்டுக்கு 16 மதிப்பெண் கேள்வி காத்திருக்கிறது. இரண்டு மதிப்பெண் கேள்விகள் 10, பதினாறு மதிப்பெண் கேள்விகள் 5 என்று வரும் அந்தத் தாளில் 45 சதவீதம் எடுக்காவிட்டால் இன்டர்னல் எவ்வளவு இருந்தாலும் பாஸ் கிடையாது.

அதற்காக அசைன்மென்ட்டை அலட்சியமும் செய்யாதீர்கள். 2021 ரெகுலேஷனில் இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. ஒவ்வொரு இன்டர்னல் மதிப்பீட்டிலும் நூற்றுக்கு 40 அசைன்மென்ட் வகையில் வருவது, 60தான் எழுத்துத் தேர்வு. ஒழுங்காகச் செய்து கொடுத்தால் கையில் நிற்கும் மதிப்பெண் அது.

9. நாட்களை எப்படிப் பிரிப்பது

பத்து நாள் அவகாசம் என்று வைத்துக்கொள்வோம். கொடுத்த அன்றே எல்லாக் கேள்வியையும் ஒருமுறை படித்து, தெரிந்தது, பாதி தெரிந்தது, தெரியவே தெரியாதது என்று ஓரத்தில் குறியிடுங்கள். கால் மணி நேரம் போதும். அடுத்த இரண்டு நாள் முதல் இரண்டு வகையையும் போட்டுப் பாருங்கள். மூன்றாம், நான்காம் நாள் சிவப்புக் கோட்டோடு ஸ்டாஃப் ரூம் அல்லது டுடோரியல். இணையத்தில் கேட்பதானால் அதே நாட்களில் கேட்டுவிடுங்கள், பதில் வர நேரம் எடுக்கலாம். ஏழாம் நாளுக்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். கடைசி இரண்டு நாள் சுத்தமாக எழுத மட்டும். ஒரு கணக்கில் முக்கால் மணி நேரம் நகராமல் உட்கார்ந்திருந்தால் எழுந்துவிடுங்கள். அது கேட்க வேண்டிய கணக்கு.

10. ஏற்கெனவே அரியர் விழுந்திருந்தால்

ரிசல்ட் வந்ததும் இரண்டு வேலை ஒரே சமயத்தில் ஓட வேண்டும். நன்றாக எழுதியும் விழுந்துவிட்டது என்று உறுதியாகத் தோன்றினால், விடைத்தாள் நகலுக்குக் கல்லூரி வழியாக விண்ணப்பியுங்கள். நேரடியாக மறுமதிப்பீட்டுக்குப் போக முடியாது. நகல் வந்த பிறகு அந்தப் பாடம் எடுத்த ஆசிரியர் ஒருவர் அதைத் திருத்திப் பார்த்து, கேள்வி வாரியாக மதிப்பெண் போட்டுப் பரிந்துரைத்தால்தான் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம், தனிக் கடைசித் தேதி. அவகாசம் சில நாட்கள்தான் இருக்கும், ஆகவே ரிசல்ட் வந்த அன்றே கல்லூரியின் தேர்வுப் பிரிவில் தேதியையும் கட்டணத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பரிந்துரைக்க வேண்டிய ஆசிரியர் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தால் சிக்கல், முன்பே போனில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமதிப்பீட்டில் தேறாது என்று தோன்றினாலும் நகல் வாங்குவது வீண் செலவல்ல. எந்த யூனிட்டில், எந்த வரியில் மதிப்பெண் போயிருக்கிறது என்று உங்கள் கையெழுத்திலேயே அதில் தெரியும். அதை எடுத்துக்கொண்டு, போன யூனிட்களில் மட்டும் சிவப்புக் கோடு போட்டு, அடுத்த செமஸ்டர் தொடங்கிய முதல் வாரத்திலேயே கணிதத் துறைக்குப் போங்கள். அந்த வாரம் ஸ்டாஃப் ரூமில் கூட்டம் இருக்காது.